அம்பைக்குப் போனால் அருவியோடு திரும்பிவிடாதீர்கள்

வெளியூரிலிருந்து சொந்தக்காரர்கள் பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுக்கு வந்தால் நெல்லையப்பர் கோயிலும் அல்வாவும் முதல் நாளே முடிந்துவிடும். மறுநாள் காப்பி குடிக்கும்போதே "பக்கத்துல அருவி கிருவி ஏதும் இருக்கா?" என்று ஆரம்பிப்பார்கள். எல்லோர் மனதிலும் குற்றாலம்தான். நான் அம்பாசமுத்திரத்துக்குக் கூட்டிப்போவேன். இப்படிப் பல குடும்பங்களோடு போய் வந்ததில் எதை எப்போது பார்க்கலாம், யாரிடம் என்ன கேட்கலாம், எதைப் பார்த்து வாங்கலாம் என்பது ஓரளவு பிடிபட்டிருக்கிறது. அதைத்தான் எழுதுகிறேன்.

நாங்கள் அம்பை என்போம். திருநெல்வேலிக்கு மேற்கே 35 கிலோமீட்டர் சொச்சம், தாமிரபரணியின் வடகரை. எதிர்க்கரையில் கல்லிடைக்குறிச்சி. ஒரு கடைத்தெரு, ஒரு ரயில் நிலையம், கோயில், வயல், வயலுக்குப் பின்னால் பொதிகை மலை. ஊருக்குள் நின்று பார்த்தால் "இதுல என்ன இருக்கு?" என்றுதான் தோன்றும். ஆனால் இங்கிருந்து வண்டியில் முக்கால் மணி நேரத்துக்குள் புலிகள் காப்பகம் இருக்கிறது, அணைகளும் அருவிகளும் இருக்கின்றன. மரச் சொப்பு கடைகிறவர்கள், பானை வனைகிறவர்கள், பாய் நெய்கிறவர்கள் எல்லோரும் அதே தூரத்துக்குள்தான். கொடை, அதாவது ஊர்க் கோயில் திருவிழா, நடக்கும் மாதங்களில் இரவெல்லாம் வில்லுப்பாட்டும் மகுட மேளமும் கேட்கும்.

சிக்கல் என்னவென்றால், இவை ஒவ்வொன்றுக்கும் ஒரு நேரம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்குக் குடும்பத்தோடு வந்து இறங்கி, அருவியில் கூட்டத்தில் இடிபட்டு, பூட்டிய பட்டறையைப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமே இல்லை" என்று திரும்புகிறவர்கள் நிறையப் பேர். ஊர் மேல் தப்பில்லை.

முதலில் மாதம். ஆனி, ஆடியில் மலையில் சாரல், காற்று சுகமாக இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. அப்போது அருவிகளைப் பாதி நாள் மூடிவிடுவார்கள், கைவினைக்காரர்களுக்கும் அது கஷ்டகாலம். பாய்க்கான கோரைப்புல் காயாது, பானை காயாது. பங்குனி, சித்திரை வெயில் மண்டையைப் பிளக்கும், ஆனால் கொடை தொடங்கும் காலம் அதுதான். காடும் கைவேலையும் இரண்டும் வேண்டும் என்கிறவர்களுக்கு என் ஓட்டு தை, மாசிக்கு. பறவைகளும் அப்போது இருக்கும்.

திருநெல்வேலியிலிருந்து பாபநாசம் பஸ்ஸில் ஏறினால் அம்பையில் இறங்கிக்கொள்ளலாம். செங்கோட்டை ரயிலும் இந்த வழியாகத்தான் போகிறது. ரயில்தான் எனக்குப் பிடிக்கும். சேரன்மகாதேவி தாண்டியதும் மலை கிட்டே வர ஆரம்பிக்கும், இரண்டு பக்கமும் வயலும் வாழையும். தங்குவதற்கு அம்பையிலேயே சாதாரண லாட்ஜுகள் உண்டு. ஆடி அமாவாசையை ஒட்டி மட்டும் அறை கிடைக்காது. சாப்பாட்டைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. கல்லிடைக்குறிச்சி அப்பளத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். பொரித்ததைச் சாப்பிட்டுப் பார்த்துவிட்டு வீட்டுக்குக் கட்டு கட்டாக வாங்குவார்கள் எங்கள் வீட்டு விருந்தாளிகள்.

மேலே தொடங்கிக் கீழே இறங்கி வருவது நான் வைத்திருக்கும் முறை. காலையில் மலை, திரும்பும் வழியில் கைவேலை. பானையையும் பாயையும் முதலிலேயே வாங்கிவிட்டு அருவிக்குத் தூக்கிக்கொண்டு அலைய முடியாது என்பது ஒரு காரணம். காட்டுக்குள் காலையில்தான் ஏதாவது கண்ணில் படும் என்பது இன்னொன்று.

மலையடிவாரத்தில் இருக்கும் பாபநாசத்தைத் தாண்டியதும் வனத்துறைச் சோதனைச்சாவடி. களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம் 1988-இல் அறிவிக்கப்பட்டது, தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம். காலையில் திறந்து மாலையில் மூடிவிடுவார்கள். சொந்த வண்டிக்குக் கட்டணம் உண்டு. நேரமும் கட்டணமும் விதிகளும் மாறிக்கொண்டே இருப்பதால் முந்தின நாளே விசாரித்துவிடுங்கள். பையைத் திறந்து பார்ப்பார்கள். பிளாஸ்டிக் பை, மதுப் பாட்டில், சோப்பு, ஷாம்பு பாக்கெட் எல்லாவற்றுக்கும் அங்கேயே பிரியாவிடை. என் மைத்துனர் ஒருமுறை "என்னங்க, ஏர்போர்ட் மாதிரி செக் பண்றீங்க" என்று முறைத்துக்கொண்டார். அந்த வனக்காவலர் சிரித்துக்கொண்டே சோதனைச்சாவடி ஓரத்தில் இருந்த சாக்குமூட்டையைக் காட்டினார். அன்று காலையில் மட்டும் பறித்துப்போட்ட ஷாம்பு பாக்கெட்டுகள். மைத்துனர் பேசாமல் பையை நீட்டிவிட்டார்.

அகத்தியர் அருவியில் வருஷம் முழுக்கத் தண்ணீர் விழும். குற்றாலம் வறண்டு கிடக்கும்போதும் இங்கே குளிக்கலாம். எண்ணெய் தேய்த்துக் குளிக்க அனுமதி கிடையாது. குரங்குகளிடம் கவனம். கையில் பொட்டலம் தெரிந்தால் உங்களைக் கேட்காமலே எடுத்துக்கொள்ளும். அதனால் தின்பண்டத்தை வண்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டிவிடுங்கள். அங்கிருக்கும் கோயிலுக்கும், மேலே இருக்கும் கல்யாண தீர்த்தத்துக்கும் போகும் படிகள் வழுக்கும், வயதானவர்களைக் கூட்டிப்போனால் நிதானமாக ஏற்றுங்கள்.

அருவி ஒன்றும் வேண்டாம், ஆற்றில் குளித்தால் போதும் என்றால் அம்பையிலும் கல்லிடைக்குறிச்சியிலும் படித்துறைகள் உண்டு. என் கணக்கில் அருவியைவிட இதுதான் சுகம். ஆனால் தெரியாத துறையில் கால் வைக்கும் முன் அங்கே துணி துவைத்துக்கொண்டிருக்கும் அக்காமாரிடம் கேளுங்கள். "அந்தப் பாறைக்கு அங்கிட்டுப் போவாதீய, கசம் கெடக்கு" என்று சரியாக விரலை நீட்டிச் சொல்வார்கள். கசம் என்றால் ஆழமான மடு. மேலே தண்ணீர் அசையாமல் கிடக்கும், கீழே ஆளை இழுக்கும். ஒவ்வொரு வருஷமும் விடுமுறை நாட்களில் வெளியூர்ப் பிள்ளைகள் ஆற்றோடு போவதைப் பேப்பரில் படிக்கிறோம். பெரும்பாலும் நீச்சல் தெரிந்த பிள்ளைகள்தான்.

இன்னொன்று, உள்ளூர்க்காரர்கள் எல்லோரும் செய்வது. காலைப் பேப்பரில் அணை நீர்மட்டம் போடுவான். பாபநாசம் அணை 143 அடி, மணிமுத்தாறு 118 அடி. இரண்டும் விளிம்புக்கு வந்துவிட்டது என்றால், அம்பையில் வெயில் அடித்தாலும் ஆற்றில் திடீரென்று தண்ணீர் ஏறும். மேலே திறந்துவிட்டிருப்பார்கள். 2023 டிசம்பர் 17, 18-ஆம் தேதிகளில் இந்த ஆறு என்ன செய்தது என்பதைத் திருநெல்வேலி ஜங்ஷனில் கேட்டால் சுவரில் தண்ணீர் நின்ற அளவைக் காட்டிச் சொல்வார்கள்.

பாபநாசம் படித்துறையைப் பற்றி ஒரு வார்த்தை. பரிகாரம், தர்ப்பணம் என்று வருகிறவர்கள் உடுத்தியிருந்த துணியை ஆற்றிலேயே விட்டுவிட்டுப் போவது ஒரு பழக்கமாகிவிட்டது. முழங்கால் அளவுத் தண்ணீரில் நின்றால் காலில் வேட்டி சுற்றுகிறது, புடவை சுற்றுகிறது. தன்னார்வலர்கள் இறங்கி வாரி வாரிக் கரையில் போடுகிறார்கள், அடுத்த அமாவாசைக்கு மறுபடி நிறைந்துவிடுகிறது. எந்தச் சாஸ்திரத்தில் ஆற்றுக்குள் பாலியெஸ்டர் போடச் சொல்லியிருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. கூட வருகிறவர்களிடம் முன்னாலேயே சொல்லிவிடுவேன், ஈரத்துணிக்கு ஒரு பை கொண்டு வாருங்கள் என்று.

வனத்துறைச் சாவடியிலிருந்து காரையார் அணைக்குப் போகும் வழியில் காட்டுக்குள் சொரிமுத்து அய்யனார் கோயில். அம்பைப் பக்கம் வருகிறவர்கள் ஒரே ஒரு இடம்தான் பார்க்க முடியும் என்றால் நான் இதைச் சொல்வேன். ஆடி அமாவாசைக்கு லட்சக்கணக்கில் ஜனங்கள் வந்து காட்டுக்குள் குடில் போட்டுத் தங்குவார்கள். சிங்கம்பட்டி ஜமீன்தார் ராஜ உடையில் அமர்ந்து காட்சி கொடுப்பது அந்தத் திருவிழாவின் வழக்கமாக இருந்தது. அப்படி அமர்ந்த முருகதாஸ் தீர்த்தபதி 2020-இல் காலமானார். மற்ற நாட்களில் போனால் ஆற்றுச் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் இருக்காது.

அங்கே பட்டவராயன் சந்நிதியில் செருப்பைக் காணிக்கையாகக் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். தோலில் தைத்த பெரிய பெரிய செருப்புகள். கோயிலுக்குள் நுழையும்போது செருப்பைக் கழற்றச் சொல்கிற நாட்டில், செருப்பையே சாமிக்குக் கொடுப்பதைப் பார்த்ததும் வெளியூர்க்காரர்கள் அப்படியே நின்றுவிடுவார்கள். சாமி ராத்திரி அதைப் போட்டுக்கொண்டு காட்டுக்குள் நடக்கிறார், அதனால் அடுத்த வருஷம் பார்த்தால் அடி தேய்ந்திருக்கும் என்பது நம்பிக்கை.

அந்தச் சாமியின் கதைதான் முத்துப்பட்டன் கதை. பிராமணப் பையன் முத்துப்பட்டன், அண்ணன்மாரோடு சண்டை போட்டு ஊரைவிட்டுப் போனவன், திரும்பி வரும் வழியில் இந்தக் காட்டில் பொம்மக்கா, திம்மக்கா என்ற இரண்டு பெண்களைப் பார்க்கிறான். அவர்கள் செருப்புத் தைக்கும் வாலப்பகடையின் பிள்ளைகள். பெண் கேட்டுப் போனவனிடம் வாலப்பகடை நிபந்தனை போடுகிறார்: பூணூலை அறு, குடுமியை எடு, செருப்புத் தைத்துக் காட்டு. பட்டன் எல்லாவற்றையும் செய்து கல்யாணம் கட்டிக்கொள்கிறான். அப்புறம் மாடு கவர வந்தவர்களோடு சண்டையிட்டுச் சாகிறான், பெண்கள் இரண்டு பேரும் சிதையேறுகிறார்கள். அந்தப் பெண்கள் பிறப்பால் பிராமணர்கள், காட்டில் கிடந்ததை எடுத்து வளர்த்தார்கள் என்று ஒரு வடிவமும் பாடுவதுண்டு. பின்னால் யாரோ சமாதானத்துக்குச் சேர்த்தது போலத்தான் எனக்குப் படுகிறது. கட்டித் தொங்கும் அந்தச் செருப்புகளைப் பார்த்தால் உங்களுக்கும் அப்படித்தான் தோன்றும்.

இந்தக் கதையை வில்லுப்பாட்டில் கேட்டுவிட்டுச் சொரிமுத்து போவது ஒரு அனுபவம், போய்விட்டு வந்து கேட்பது வேறொரு அனுபவம். வில்லுப்பாட்டு என்றால் டி.வி.யில் அரை மணி நேரம் வருவதைத்தான் பலர் பார்த்திருப்பார்கள். கொடையில் கேட்க வேண்டும். பங்குனி, சித்திரை தொடங்கி ஆவணி வரைக்கும் இந்தப் பக்கத்துக் கிராமங்களில் கொடை நடந்துகொண்டேயிருக்கும், பெரும்பாலும் செவ்வாய் அல்லது வெள்ளி. இதற்கு விளம்பரம் கிடையாது. டீக்கடையில்தான் கேட்க வேண்டும்.

"அண்ணாச்சி, இன்னைக்குப் பக்கத்துல எங்கயும் கொடை உண்டா?"

"செவ்வாக்கெழமல்லா, இல்லாம இருக்குமா? ஒங்களுக்கு வில்லா, கணியானா?"

இதற்குப் பதில் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். வில்லென்றால், புலவர் நடுவில் உட்கார்ந்து இரண்டு கையிலும் வீசுகோலை வைத்துக்கொண்டு, மணி கட்டிய நீள வில்லின் நாணை அடித்துப் பாடுவார். பக்கத்தில் உடுக்கை, தாளம், கட்டை. வில்லோடு சேர்த்து ஒரு மண்குடம் இருக்கும், குடக்காரர் அதன் வாயில் பத்தை என்ற மட்டையால் அறைவார். அந்தக் 'கும்' சத்தம் நெஞ்சுக்குள் விழும். கணியான் கூத்தென்றால் பெரும்பாலும் சுடலைமாடன் கோயிலில். அண்ணாவி நின்றுகொண்டே பாடுவார், பெண் வேஷம் கட்டிய ஆண்கள் சலங்கையோடு ஆடுவார்கள், பின்னால் இரண்டு மகுடம். மகுடக்காரர்கள் ஆட்டம் தொடங்கும் முன் ஓரமாகக் கொஞ்சம் வைக்கோலைக் கொளுத்தித் தோலைக் காய்ச்சுவார்கள். விரலால் தட்டுவார்கள், காதை வைத்துக் கேட்பார்கள், மறுபடி தீயில் காட்டுவார்கள். ஒன்று உச்சம், ஒன்று மந்தம். இரண்டும் சேர்ந்து நிற்கும்வரைக்கும் அண்ணாவி வாய் திறக்கமாட்டார். அதைப் பார்ப்பதற்காகவே நான் சீக்கிரம் போய்விடுவேன்.

வெளியாட்களை யாரும் விரட்டமாட்டார்கள். "எங்கேருந்து வாறீய, சாப்டீயளா?" என்பதுதான் முதல் கேள்வி. ஆனால் அது சாமி காரியம், மேடை நிகழ்ச்சி கிடையாது. செருப்பை வெளியே போடுங்கள். படம் எடுக்கும் முன் கோயில்காரர்களில் ஒருவரைக் கேளுங்கள். கதை சூடாகி, சாமியாடிக்கு அருள் வரும் நேரத்தில் முகத்துக்கு நேரே பிளாஷ் அடிக்கும் ஆட்களைப் பார்த்திருக்கிறேன், ஊர்க்காரர்கள் பொறுமைசாலிகள். கணியான் தன் கையைக் கீறி ரத்தம் கொடுக்கும் கைவெட்டுச் சடங்கு, பலி இதெல்லாம் சில கோயில்களில் நடுச்சாமத்தில் உண்டு. சின்னப் பிள்ளைகள் கூட இருந்தால் அதற்கு முன்னால் கிளம்பிவிடலாம். பாட்டு பிடித்திருந்தால் ஐம்பதோ நூறோ கலைஞர் கையில் கொடுங்கள். உடனே மைக்கில் உங்கள் பேரையும் ஊரையும் சேர்த்துப் பாடிவிடுவார், தயாராக இருங்கள். கோயம்புத்தூர்ச் சித்தப்பா அப்படித் தன் பேரைக் கேட்டுவிட்டு இன்னும் இரண்டு தடவை கொடுத்தார்.

இரவு கொடை பார்த்தால் மறுநாள் காலை மலை என்பது நடக்காத காரியம். இரண்டையும் வேறு வேறு நாளில் வைத்துக்கொள்ளுங்கள். மாஞ்சோலை போக ஆசைப்படுகிறவர்களுக்கு: வனத்துறை அனுமதி முன்கூட்டியே வாங்க வேண்டும், வண்டி எண்ணிக்கைக்கும் கட்டுப்பாடு உண்டு. 2024-இல் தேயிலைத் தோட்ட வேலை நின்றதிலிருந்து நான் அங்கே யாரையும் கூட்டிப்போகவில்லை, மனது வரவில்லை. மணிமுத்தாறு அருவி வழியில்தான் இருக்கிறது, திறந்திருந்தால் குளித்துவிட்டுத் திரும்பலாம்.

மலையிலிருந்து இறங்கினால் அம்பைச் சொப்பு. சின்னப் பிள்ளைகள் சோறு பொங்கி விளையாடும் மரச்சாமான். உரல், உலக்கை, அம்மி, திருகை, குடம், அடுப்பு, எல்லாம் உள்ளங்கையில் அடங்கும். கடைகளில் பெட்டியாக வாங்கலாம். ஆனால் கடைசல் பட்டறை ஒன்றைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். வார நாளில், பகலில், கரண்ட் இருக்கும்போது. கடைசல் இயந்திரம் மோட்டாரில் ஓடுவதால், மின்தடை என்றால் பட்டறைக்காரர் வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார்.

மரத்துண்டு சுழலும்போது உளியை வைத்தால் சுருள் சுருளாகச் சீவல் பறக்கிறது. கட்டையாக இருந்தது குடமாக இடுப்பு ஒடுங்குவதற்கு இரண்டு நிமிஷம்கூட ஆகாது. அதற்குப் பிறகுதான் வேடிக்கை. தூரிகை கிடையாது, பெயிண்ட் டப்பா கிடையாது. வண்ணம் சேர்த்த அரக்குக் குச்சியைச் சுழலும் மரத்தின் மேல் அழுத்துகிறார். உராயும் சூட்டில் அரக்கு இளகி மரத்தில் பிடிக்கிறது. முதலில் திட்டுத் திட்டாக இருக்கும். ஓலை நறுக்கை வைத்து அழுத்தித் தேய்த்ததும் திட்டெல்லாம் பரவிக் கண்ணாடி போல மினுங்கும். பக்கத்தில் நின்றால் கருகலும் இனிப்புமாக ஒரு வாசனை. முன்னெல்லாம் மஞ்சக்கடம்பில் கடைந்தார்கள், இப்போது கிடைக்கிற மரத்தில்.

மைத்துனர் மகள் அந்தக் குட்டித் திருகையை எடுத்து "இது என்ன அங்கிள்?" என்றாள். பட்டறைக்காரர் தலையைத் தூக்காமலே "மிக்ஸி, பாப்பா. கரண்ட் வேண்டாம்" என்றார்.

கைக்குழந்தைக்கு வாங்குவதாக இருந்தால் இரண்டு விஷயம் பாருங்கள். பூச்சு அரக்கா, கடைப் பெயிண்டா என்று கேளுங்கள். குழந்தை வாயில்தான் வைக்கும். அப்புறம், உலக்கை மாதிரி வாய்க்குள் போகிற அளவுச் சாமான்களை எடுத்துத் தனியே வைத்துவிடுங்கள். நடைவண்டி வாங்கினால் அச்சை அசைத்துப் பாருங்கள். பட்டறையில் பேரம் பேசாதீர்கள் என்று சொல்லமாட்டேன், ஆனால் ஒரு பெட்டிக்கு எத்தனை உருப்படி கடைய வேண்டும் என்பதைப் பார்த்த பிறகு உங்களுக்கே வாய் வராது.

நேரம் இருந்தால் வீரவநல்லூர் பக்கம் திரும்பித் திருப்புடைமருதூர் போகலாம். கடனாநதி தாமிரபரணியில் கலக்கும் இடம். நாறும்பூநாதர் கோயில் ராஜகோபுரத்துக்குள் ஐந்து நிலைக்கும் ஏறிப் போகலாம், உள்ளே மரச் சிற்பமும் சுவர் ஓவியமும். போர்க்களம், யானை, குதிரைகளோடு வரும் கப்பல் என்று கதை கதையாக எழுதியிருக்கிறார்கள். எப்போதும் திறந்திருக்காது, கோயில் அலுவலகத்தில் கேட்டு அனுமதி வாங்க வேண்டும். படி குறுகல், உள்ளே இருட்டு. டார்ச் கொண்டுபோங்கள், சுவரைத் தொடாதீர்கள், முதுகுப் பையைக் கீழேயே வைத்துவிடுங்கள். உரசி உரசித்தான் பாதி வண்ணம் போயிருக்கிறது. கோயிலைச் சுற்றியுள்ள மருத மரங்களில் நாரையும் கொக்கும் கூடு கட்டியிருக்கும், குடை பிடித்துக்கொண்டு அண்ணாந்து பாருங்கள். வீரவநல்லூரிலேயே கைத்தறி உண்டு. அந்த ஊர்ச் செடிபுட்டா சேலைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. என் மனைவி அங்கே இறங்கினால் அன்றைய திட்டம் அத்தோடு முடிந்தது என்பதால் நான் வண்டியை நிறுத்துவதில்லை.

காருகுறிச்சி நாதஸ்வரத்துக்குப் பேர் போன ஊர். காருகுறிச்சி அருணாசலம் 1921-இல் பிறந்து 1964-இலேயே போய்விட்டார். அதே ஊர்தான் மண்பாண்டத்துக்கும். பானை வாங்கும்போது விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள், 'கணீர்' என்றால் நன்றாக வெந்தது, 'டப்' என்றால் விரிசல். வீட்டுக்குக் கொண்டுபோய் ஒரு நாள் தண்ணீரில் முக்கி வைத்து, அப்புறம் வடிகஞ்சி ஊற்றிச் சிறு தீயில் கொதிக்கவைத்துப் பழக்கினால் பல வருஷம் வரும். நேராக அடுப்பில் ஏற்றி வெடித்துவிட்டு வனைந்தவரைத் திட்டக் கூடாது. மார்கழியில் போனால் தெருவெல்லாம் பொங்கல் பானை காயும். அப்போது அவர்களுக்குப் பேச நேரமிருக்காது.

கடைசியாகப் பத்தமடை. இந்த ஊருக்கு ரயில் கிடையாது, சேரன்மகாதேவியிலிருந்து பஸ்ஸிலோ ஆட்டோவிலோ வர வேண்டும். ரிஷிகேசத்தில் ஆசிரமம் வைத்த சுவாமி சிவானந்தர் 1887-இல் பிறந்தது இங்கேதான். ஊருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது பாய். 1953-இல் எலிசபெத் ராணியின் முடிசூட்டு விழாவுக்கு இங்கிருந்து பாய் போனதாக ஊரில் இன்றும் பெருமையாகச் சொல்வார்கள். நெய்கிறவர்கள் பெரும்பாலும் முஸ்லிம் குடும்பத்துப் பெண்கள், வீட்டிலேயே தறி. அதனால் திடுதிப்பென்று கேமராவோடு உள்ளே நுழையக் கூடாது. ஊர்க் கடையிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ கேட்டால் யாராவது கூட்டிப்போவார்கள். வெள்ளிக்கிழமை மதியம் வேண்டாம், நோன்பு மாதத்தில் காலையிலேயே போய்விட்டு வந்துவிடுங்கள். கூட ஒரு பெண் வந்தால் பேச்சு தானாக வளரும். என் மனைவி வாசலில் நின்று "அக்கா" என்று கூப்பிட்டதும் தறிக்குப் பக்கத்திலேயே பலகை போட்டுக் கொடுத்துவிட்டார்கள்.

தறி என்றால் உயரமாக எதையும் எதிர்பார்க்காதீர்கள். தரையோடு தரையாகப் பாவு நூலை, அதாவது நீளவாட்டு நூலை, இழுத்துக் கட்டியிருக்கிறது. நெய்கிறவர் பாவுக்கு மேலேயே ஒரு பலகையில் உட்கார்ந்து, நெய்ய நெய்ய நகர்ந்து போகிறார். நீளக் குச்சியில் கோரையைக் கோத்து உள்ளே தள்ளுகிறார், அச்சை இழுத்து அடிக்கிறார், ஓரத்தை மடக்குகிறார், அடுத்த கோரை. தாமிரபரணிக் கரையில் வளரும் கோரைதான். பச்சையாக அறுத்துக் கிழித்துக் காயவைத்து, ஓடும் தண்ணீரில் நாட்கணக்கில் ஊறப்போட்டு, உப்பியதை மறுபடி காயவைத்து, மறுபடி கிழித்தால்தான் நைஸ் பாய்க்கு ஆகும். அந்த அக்கா ஒரு கோரையை நகத்தால் கீறி, பிளந்து, பிளந்ததை மறுபடி பிளந்து என் உள்ளங்கையில் வைத்தார். தலைமுடியைவிடக் கொஞ்சம் தடிமன். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால்தான் கண்ணுக்கே தெரிந்தது.

பாவு நூல் நெருக்கத்தை எண் வைத்துச் சொல்வார்கள். நூறு, நூற்றிருபது, நூற்று நாற்பது. எண் ஏற ஏறப் பாய் மெலியும், விலை கூடும், காலமும் கூடும். நைஸ் பாயைத் துணி மாதிரி மடிக்கலாம், முரட்டுப் பாயைச் சுருட்டத்தான் வேண்டும். பத்தமடைப் பாய் என்று சொல்லி வெளியூர்க் கண்காட்சிகளில் எதையெதையோ விற்கிறார்கள். எங்கள் அத்தை ஒரு பெருநகரக் கண்காட்சியில் நல்ல விலை கொடுத்து வாங்கி வந்ததைப் பார்த்து அந்த அக்கா ஓரத்தை ஒரு தடவை தடவிவிட்டு "இது மிஷின் பாய், எங்க ஊரு இல்ல" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். மிஷின் பாயில் ஓரம் ஒரே சீராகத் தைத்து முடித்திருக்கும், கைப்பாயில் கோரை நுனி மடங்கித் திரும்பியிருப்பது விரலுக்குத் தெரியும். இரண்டு பக்கமும் புரட்டிப் பாருங்கள், தண்ணீர் தெளித்துச் சாயம் விடுகிறதா என்றும் பார்க்கலாம், கோபித்துக்கொள்ளமாட்டார்கள். வீட்டில் நனைந்தால் நிழலில் விரித்துக் காயவையுங்கள். ஈரத்தோடு சுருட்டினால் பூஞ்சை பிடித்துப் பாய் கறுத்துவிடும்.

கல்யாணத்துக்கு மாப்பிள்ளை, பெண் பெயரும் தேதியும் போட்டு நெய்து கொடுப்பது இங்கே வழக்கம். அத்தான் மகள் கல்யாணத்துக்குச் சொல்லலாம் என்று கேட்டோம். பேரைத் தாளில் பெரிய எழுத்தில் எழுதித் தரச் சொன்னார். எழுத்துப் பிழையை நெய்த பிறகு அழிக்க முடியாது என்பதால், வாயால் சொல்வதை அவர் ஏற்பதே இல்லை. அத்தான் எழுதிக் கொடுத்தார். அக்கா தாளைப் பாவின் மேல் வைத்து விரலால் எழுத்தை எண்ணினார்.

"பொண்ணு பேரு சரி. மாப்ள பேரு என்ன, பாயைத் தாண்டிப் போவுது?"

"முழுப் பேரும்மா. இனிஷியல் ரெண்டு."

"வீட்ல என்ன சொல்லிக் கூப்புடுவாக?"

அத்தான் வெளியே போய்ச் சம்பந்தி வீட்டுக்குப் போன் போட்டார். அவர்கள் வீட்டில் கலந்து பேசி முடிவு சொல்ல அரை மணி நேரம் ஆனது. கூப்பிடும் பேரே போதும் என்று வந்தது. இதற்கெல்லாம் குறைந்தது இரண்டு மூன்று மாதம் முன்னால் போங்கள், மழை மாதத்தைக் கணக்கில் விட்டுவிட்டுக் கேளுங்கள். முன்பணம் கொடுத்ததும், தை முகூர்த்தம் என்றால் மார்கழி பாதிக்குள் முடித்துவிடுவேன், கார்த்திகை மழையைப் பார்த்துவிட்டு ஒரு போன் போடுங்கள் என்றார்.